கிடையில் சேர்த்த மூன்று குட்டிகள்

ஏப்ரல் 4

சந்தையில் இன்று மூன்று கிடாக்குட்டிகள் பிடித்தேன். எடுப்பான செம்மறிக் குட்டிகள். நெஞ்சகலம் இருக்கிறது, கால் நேராக நிற்கிறது. பக்ரீத்துக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது. அதற்குள் கண்மாய்ப் புல்லில் விட்டால் ஆளை முட்டித் தள்ளுகிற கிடாக்களாகிவிடும். விற்றவன் வெளியூர் லாரி வியாபாரி. ஏதோ அவசரத்தில் இருந்தான், பேரம் பேசக்கூட நிற்கவில்லை. அவசரத்தில் இருப்பவனிடம் வாங்குவதுதான் கெட்டிக்காரத்தனம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பிடிபடாது. சாவகாசமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு ஏமாறுவார்கள்.

ஒரு குட்டிக்குக் கண்ணோரம் ஈரமாக இருந்தது. லாரித் தூசிதான்.

எங்களுடையது நான்கு வீட்டுக் கிடை. கிடையை நடத்தும் கீதாரி சாத்தையா மாமா, ஆண்டிச்சாமி, நான், செத்துப்போன என் அண்ணன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் மதினி. நான்கு வீட்டு ஆடும் ஒன்றாக மேயும், அறுத்த வயலில் ஒன்றாக அடையும். வயல்காரர்கள் புழுக்கைக்காக எங்களைக் கூப்பிட்டுக் கிடை போடச் சொல்வார்கள். மேய்ப்பது முறை வைத்து. இதில் ஒரு சட்டம் உண்டு. வெளியாடு எதுவானாலும் ஒரு பட்சம், பதினைந்து நாள், வீட்டில் தனியாகக் கட்டிப்போட்டு, இருமல் கழிச்சல் இல்லை என்று பார்த்த பிறகுதான் கிடையில் சேர்க்க வேண்டும். பட்சம் பூராவும் தழை ஒடித்துப் போட என் வீட்டில் ஆள் யார்? என் பெண்டாட்டி மீனாள் ஆறு மாதக் கர்ப்பிணி. பன்னிரண்டு வருடம் கழித்துத் தங்கியிருக்கிறது. அவளை நான் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடுவதில்லை.

சவுதியில் பெரிய பட்டியை ஒற்றை ஆளாக மேய்த்தவன் நான். அங்கே லாரி லாரியாக ஆடு வந்து இறங்கும், நேராகப் பட்டிக்குள்தான் போகும். எந்தப் பட்சமும் கிடையாது. பேச ஆளில்லாமல் அங்கே எழுத ஆரம்பித்த பழக்கம்தான் இந்த டைரி. விதி போட்ட கிழவர்கள் யாரும் பாலைவனம் பார்த்ததில்லை.

வழியில் வீட்டு வாசலில் நிறுத்திக் குட்டிகளுக்குத் தண்ணீர் காட்டினேன். ஆண்டிச்சாமி வாங்கி வரச் சொன்னவை என்று மீனாளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி கேட்காத பெண்டாட்டி கிடைப்பது பெரிய கொடுப்பினை.

கிடைக்குப் போகும் முன் கண்மாய்க்கரையில் வைத்துக் காது வெட்டினேன். அப்பா காலத்து அடையாளம் இடது காதில் ஒரு வெட்டு. அண்ணனும் நானும் ஆட்டைப் பிரித்தபோது அந்த ஒற்றை வெட்டை அண்ணன் வைத்துக்கொண்டான். எனக்கு அதன் பக்கத்தில் இன்னொன்று, ஆக இரண்டு வெட்டு.

வீட்டில் புட்டிப்பால் குடித்து வளர்ந்த குட்டிகள் என்று கிடையில் சொன்னேன். அப்படி மூன்று குட்டி என் வீட்டில் நின்றது உண்மை. போன மாதம் அவை கறிக்கடைக்குப் போனதும் உண்மை. பின்னதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 5

இன்று மேய்ப்பு மதினி முறை. சாயங்காலம் நான் கிடைக்குப் போனபோது மூன்று குட்டிகளின் காதிலும் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, வீட்டுக் குட்டின்னீங்க. காதுல இன்னும் ரத்தம் காயலையே."

"இப்பத்தான் வெட்டுனேன் மதினி. வீட்டுல நின்னதுக்கு அடையாளம் எதுக்குன்னு விட்டுட்டேன்."

"புட்டிப்பால் குட்டிய மீனா கறிக்கடைக்குக் குடுத்ததாச் சொன்னுச்சே."

"அது வேற குட்டி."

சரி என்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்தப் பெண்பிள்ளைக்குக் கண் எல்லா இடத்திலும் இருக்கிறது. வாய் இல்லை, அந்தமட்டில் நிம்மதி.

ஏப்ரல் 7

மதினி தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் தம்பி ஒரு பெட்டைக் குட்டி கொடுத்திருக்கிறான். கழுத்தில் மணி கட்டிய கறுப்புக் குட்டி. ஒரு வாரமாக அதை வீட்டு வாசலில் வாதநாராயண மரத்தடியில் கட்டிப்போட்டு, பட்சம் எண்ணிக்கொண்டிருக்கிறாள். உச்சி வெயிலில் தழைக்கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அலைந்ததில் பாதித் தூரம் மீனாளுக்கு மாங்காய் தேடிப் போன தூரம். மீனாள் மாங்காயை உப்பில் தொட்டுத் தின்றாள், மதினி எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் போன பிறகு இந்த வயிற்றைத்தான் தன் வயிறு மாதிரி பார்க்கிறாள். எனக்கு அது பிடிப்பதில்லை.

ஏப்ரல் 9

ஒரு குட்டிக்கு மூக்கில் சளி. வெயில் ஏறிவிட்டது.

ஏப்ரல் 11

அந்தக் குட்டி காலையில் விறைத்துக் கிடந்தது. நல்லவேளை, நேற்றும் இன்றும் என் முறை. கருவேலங்காட்டில் குழி தோண்டிப் போட்டேன். நாய் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொன்னேன். கீதாரி நாயைத் திட்டினார். அரைமணி நேரம் திட்டினார், ஒரு நாயையும் விடவில்லை.

மற்ற இரண்டும் நன்றாக மேய்கின்றன.

ஏப்ரல் 14

சித்திரைப் பிறப்பு. மீனாள் பாயசம் வைத்தாள். கிடையில் ஆண்டிச்சாமியின் தாய் ஆடுகள் ஐந்து தலையைத் தொங்கப்போட்டு நிற்கின்றன. கண்ணில் பீளை, வாய்க்குள் புண், தண்ணீர் மாதிரி கழிச்சல். கீதாரி ஆட்டில் ஏழெட்டு. என்னுடையதில் நான்கு. மதினியுடையதிலும் இருக்கும், எண்ணவில்லை.

ஆண்டிச்சாமி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து எல்லா ஆட்டு வாயிலும் தடவினான். ஒரே துணி, ஒரே கை, சீக்கு ஆட்டிலிருந்து நல்ல ஆட்டுக்கு. சொல்ல நினைத்தேன். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்பான்.

ஏப்ரல் 16

மாட்டு டாக்டர் வந்தார். பார்த்த உடனே சொல்லிவிட்டார், ஆட்டுக்கொல்லி நோய். வந்த பிறகு மருந்து கிடையாதாம். வராமலிருக்க ஊசி உண்டு. தை மாதம் முகாம் போட்டபோது சினை ஆடு குறைமாதத்தில் குட்டி போட்டுவிடும் என்று கீதாரிதான் கிடையை ஓட்டிக்கொண்டு போகவில்லை. அதை டாக்டர் கேட்டபோது மாமா காது கேளாதவர் மாதிரி நின்றார்.

"புதுசா ஆடு எதுவும் சேத்தீங்களா? இது தானா வராது. வெளிய இருந்துதான் வரும்."

கீதாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் முகத்துக்கு வரும் முன் நான் சொன்னேன்.

"மதினி வீட்டுல ஒரு குட்டி வந்து நிக்குது. அது ஊருல எப்படின்னு தெரியல."

உள்ளதைத்தான் சொன்னேன். குட்டி வந்து நிற்பது உண்மை. அந்த ஊரில் எப்படி என்று எனக்குத் தெரியாததும் உண்மை. மதினி வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள்.

டாக்டர் அந்தக் குட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு, இதற்கு ஒன்றுமில்லை, நல்லா இருக்கு என்றார். அவர் ஜீப் ஏறிப் போன பிறகு ஆண்டிச்சாமி சொன்னான், அத்தனை ஆடும் படுத்திருக்கும்போது இது மட்டும் எப்படித் துள்ளுகிறது, அவள் கைவழியாகச் சீக்கைக் கொண்டுவந்தது இதுதான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். இவர்களுடைய மூளைக்கு நான் பொறுப்பில்லை.

ஏப்ரல் 18

சாவு. காலையில் போனால் வயல் பூராவும் வெள்ளையாகவும் கறுப்பாகவும் கிடக்கிறது. தாய் செத்துக் கிடக்க, குட்டி மடியை முட்டிக்கொண்டிருக்கிறது. ஆண்டிச்சாமி வயலில் உட்கார்ந்து பெண்பிள்ளை மாதிரி அழுதான். அவன் மகளைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க வைத்திருந்தது இந்த ஆடுகளைத்தான். நான் அவன் தோளில் கைவைத்து ஆறுதல் சொன்னேன். மனதார வருத்தப்பட்டுத்தான் சொன்னேன்.

சந்தைக் குட்டிகளில் இரண்டாவதும் போய்விட்டது. கூட்டத்தோடு கூட்டமாக. மூன்றாவது பிழைத்துக்கொண்டது.

சாயங்காலம் கீதாரி சொல்லிவிட்டார். நாளை மறுநாள் கருப்பர் கோயிலில் வீட்டுக்கு ஒருவர் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். பட்சம் வைக்காமல் வெளியாடு சேர்க்கவில்லை என்று. சத்தியம் பண்ணி ஒரு பட்சம் பார்ப்பது வழக்கம். அதற்குள் எந்த வீட்டில் கெட்டது நடக்கிறதோ அந்த வீடுதான் பொய்.

ஏப்ரல் 19

நான் கோழை இல்லை. சவுதியில் பாம்பைக் கையால் பிடித்து எறிந்திருக்கிறேன். ஆனால் கருப்பரிடம் விளையாட்டு வேண்டாம். அப்பாவின் சித்தப்பா அந்தப் பீடத்தில் பொய் சொல்லி வாய் கோணிப் போனவர்.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். பொய் என்பது தெரிந்து சொல்வது. தெரியாமல் சொன்னால் அது பொய்யில்லை. வீட்டுக்கு ஒருவர் என்றுதான் கீதாரி சொன்னார், யார் என்று சொல்லவில்லை. மீனாளுக்கு ஒன்றும் தெரியாது.

கால் சுளுக்கிக்கொண்டது என்று கட்டுப் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 20

முடிந்தது.

கர்ப்பிணியை அங்கே அனுப்புவதா என்று கீதாரி முதலில் தயங்கினார். நான் சொன்னேன், மாமா, வயித்துல பிள்ளையோட நிக்கிறவ வாயால சொன்னா அதுக்கு மேல ஒரு சத்தியம் இருக்கா? எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்கே என் பேச்சு நன்றாகப்பட்டது.

கீதாரி அணைத்தார். ஆண்டிச்சாமி அணைத்தான். மூன்றாவதாக மீனாள். பீடத்தின் முன்னால் சூடம் எரிகிறது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காலைப் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தேன். "எங்க வீட்டுல வெளியாடு சேக்கல" என்று சொல்லி, சூடத்தில் கையை அடித்து அணைத்தாள். குரல் நடுங்கவில்லை. தெரியாதவளுக்கு ஏன் நடுங்கும்?

கடைசியில் மதினி. சூடத்தைக் கொளுத்தி வைத்தார்கள். அவள் சூடத்தைப் பார்க்கவில்லை, மீனாள் வயிற்றைப் பார்த்தாள். சூடம் பாதி எரிந்துவிட்டது.

"அணைம்மா" என்றார் கீதாரி.

"நான் அணைக்கல."

"அப்ப உன் குட்டியாலதான்னு ஒத்துக்கிறியா?"

"எம் மேலேயே இருக்கட்டும் கீதாரி. பட்சம் பாக்குற வேலையெல்லாம் வேணாம். எந்த வீட்டையும் யாரும் பாத்துக்கிட்டு இருக்க வேணாம்."

சூடம் தானாக எரிந்து அணைந்தது. ஆண்டிச்சாமி அவளை அடிக்கப் போனான், கீதாரி பிடித்து நிறுத்தினார். பிள்ளை பெறாதவளுக்குப் பிற உயிரின் அருமை எப்படித் தெரியும் என்று ஆண்டிச்சாமியின் பெண்டாட்டி கத்தினாள்.

மதினி ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. பயந்திருப்பாள். எனக்கு அதில் மண்டையை உடைத்துக்கொள்ள நேரமில்லை.

ஏப்ரல் 21

தீர்ப்பு: மதினி ஆடு இனிக் கிடையில் அடையக் கூடாது. கண்மாய் மேலக்கரையில் தண்ணீர் காட்டக் கூடாது. அந்தக் கறுப்புக் குட்டியை உயிரோடு விடக் கூடாது.

குட்டியை யார் முடிப்பது என்று வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குடும்பத்து ஆள் நான்தானே. மதினி வீட்டு வாசலிலேயே வைத்து முடித்தேன். மனிதர்களுக்குப் பழகிய குட்டி, கத்தியைக் கொண்டுபோன கையை நக்கியது. துடிப்பு அடங்க நேரமானது, கத்தி மொண்ணை. கழுத்து மணியைக் கழற்றி மதினியிடம் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம், நான் கொடுத்தேன்.

மணியை வாங்கிக்கொண்டு என்னிடம் கேட்டாள். "மீனா கையில சூடம் சுட்டுருச்சா?"

"இல்ல."

"தேங்காயெண்ணெய் போடச் சொல்லுங்க."

இறைச்சியைத் தின்னக் கூடாது என்று சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். கொழுப்பு ஏறிய குட்டி. வீண்.

ஏப்ரல் 29

கிடையில் சாவு நின்றுவிட்டது. பாதிக்கு மேல் போனபின் தானாக நின்றது. குட்டியை அறுத்ததால் நின்றது என்கிறார்கள். அவர்களுக்கு ஒரு திருப்தி, இருந்துவிட்டுப் போகட்டும்.

மே 3

மதினிக்கு மிஞ்சியது ஆறு தாய் ஆடு. ரோட்டோரம் ஒற்றையாக மேய்க்கிறாள். கூட்டத்தில் பழகிய செம்மறி தனியே மேயாது, தலையைத் தூக்கித் தூக்கிக் கிடைப் பக்கம் பார்த்துக் கத்தும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் நம் ஆடுகள் பதில் கத்துகின்றன. இன்று அவளுடைய ஆடு ஒன்று கிடைக்குள் ஓடி வந்துவிட்டது. ஆண்டிச்சாமி கல்லால் அடித்து விரட்டினான். நானும் ஒரு கல் எறிந்தேன். எல்லோரும் எறியும்போது நான் மட்டும் சும்மா நின்றால் நன்றாக இருக்காது.

மே 11

மீனாளுக்கு வளைகாப்பு. ஊர் பூராவும் வந்தது. ஆடு செத்த துக்கத்துக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் என்று கீதாரியே முன்னால் நின்று நடத்தினார்.

தெருமுனையில் மதினி தூக்குவாளியோடு நின்றாள். உள்ளே வரவில்லை, வரக்கூடாதென்று அவளுக்குத் தெரியும். நான் போய்க் கேட்டேன்.

"என்ன மதினி?"

"புளிச்சோறு. மீனாவுக்கு என் கைப்புளிச்சோறுன்னா பிடிக்கும். நான் குடுத்தேன்னு சொல்ல வேணாம் தம்பி."

வாங்கிக்கொண்டேன். ஆளைப் பத்துப் பேர் பார்க்கத் திருப்பி அனுப்புவது மரியாதையில்லை. வீட்டுப் பின்பக்கம் கொண்டுபோய் நாய்க்குக் கொட்டினேன். நாய் எல்லாவற்றையும் தின்றது. தூக்குவாளியைக் கழுவிக் கொடுத்தனுப்பினேன்.

உள்ளே மீனாள் கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். புளிச்சோறு யாரு கொண்டுவந்தது என்று கேட்டாள். பின்பக்கம் வாசனை வந்ததாம். ஆண்டிச்சாமி வீட்டிலிருந்து வந்தது, கெட்டுப்போயிருந்தது என்றேன். அவள் தலை நிமிரவில்லை.

மே 22

மதினி ஆடுகளை விற்கிறாள் என்று தரகன் சொன்னான். மேய்க்க இடமில்லை, தண்ணீர் காட்ட இடமில்லை, வேறென்ன செய்வாள். செங்கல் சூளை வேலைக்குப் போகிறாளாம். யார் வாங்குகிறார்கள் என்று சொல்ல வேண்டாம் என்று தரகனிடம் சொல்லி ஆறையும் நான் வாங்கினேன். வெளியாளுக்குப் போவதைவிட எங்கள் அப்பா ஆட்டு வம்சம் எனக்கு வருவது நியாயம்தானே.

ஒரு பட்சம் கொல்லையில் தனியே கட்டிப்போடுவேன். சட்டம் என்றால் சட்டம்.

காது வேலை சுலபமாக முடிந்தது. ஏற்கெனவே ஒரு வெட்டு இருக்கிறது. பக்கத்தில் இன்னொன்று போட்டால் என்னுடையது. ஆறாவது ஆட்டுக்கு வெட்டும்போது மீனாள் கொல்லை வாசலில் வந்து நின்றாள். அது யார் ஆடு என்று கேட்கவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 8

சந்தைக் குட்டிகளில் பிழைத்த மூன்றாவது கிடா பக்ரீத்துக்கு நல்லபடியாகப் போனது. பார்த்தவர்களெல்லாம் இந்தக் கிடா எங்கே பிடித்தது என்று கேட்டார்கள். வீட்டுக் குட்டி என்றேன். இப்போது அது பழகிவிட்டது, சொல்லும்போது எனக்கே அதன் புட்டிப்பால் நாள் ஞாபகம் வருகிறது.

ஜூன் 27

சூளையிலிருந்து வந்தவன் சொன்னான். மதினி வெந்த கல் சுமக்கிறாளாம். உள்ளங்கை வெந்துபோய்த் துணி சுற்றிக்கொண்டு சுமக்கிறாளாம். போகிறவர் வருகிறவரிடம் மீனாளுக்கு எத்தனை மாதம் என்று கேட்கிறாளாம். தனக்கே தெரியாதா என்ன.

ஜூலை 14

காலையிலேயே மீனாளுக்கு வலி. ஆட்டோ பிடித்து டவுன் ஆஸ்பத்திரி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பெரிய டாக்டர் வரட்டும், மத்தியானத்துக்கு மேல் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்.

உள்ளே கொண்டுபோகும் முன் மீனாள் என்னைக் கூப்பிட்டாள். சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் கோயிலுக்கு என்னய எதுக்கு அனுப்புனீங்க?"

"கால் சுளுக்கு. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"பொய்ச் சத்தியம் உங்க வாயில வந்துரக் கூடாதுன்னு அனுப்புனீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சு."

நான் கதவுப் பக்கம் திரும்பி நர்ஸ் வருகிறாளா என்று பார்த்தேன்.

"எனக்குத் தெரியும். சந்தையில இருந்து வந்து நின்ன அன்னிக்கே மூணும் நம்ம வாசல்ல இருமுச்சு. ஆண்டிச்சாமி அண்ணன் பொண்டாட்டிகிட்டக் கேட்டேன், குட்டி எதுவும் சொல்லிவிடலைன்னுச்சு. தெரிஞ்சுதான் சூடத்தை அணைச்சேன்."

இதை எழுத வெட்கப்படவில்லை, அந்த நேரம் கருப்பர் அந்த வராந்தாவில் நிற்பது போலவே இருந்தது.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னாக் கிடை போயிரும். பிள்ளைய வச்சுக்கிட்டு எங்க போயி நிக்கிறது? நான் அணைச்சுட்டேன், பஞ்சவர்ணம் அக்கா அதைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. அதுக்கும் தெரியும். பட்சம் வச்சா எல்லாரும் என் வயித்தத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்கன்னுதான் அது தன் மேல போட்டுக்கிருச்சு. நாங்க ரெண்டு பேரும் தெரிஞ்சுதான் இருந்தோம். நீங்க ஒருத்தர்தான் யாருக்கும் தெரியாதுன்னு டைரி எழுதிக்கிட்டு இருந்தீங்க."

வலி வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலி போனதும் மறுபடி சட்டையைப் பிடித்தாள்.

"இப்பப் போங்க. கீதாரிகிட்ட உள்ளதைச் சொல்லுங்க. அக்காவைச் சூளையில இருந்து கூட்டிக்கிட்டு வந்து அது ஆட்டைக் குடுங்க. பிள்ளை நல்லபடியா வெளிய வரணும். நான் செஞ்சதுக்கு அது போயிரக் கூடாது."

"போறேன்."

"சத்தியமாப் போவீங்களா?"

"போறேன்னு சொல்றேன்ல."

பஸ் பிடித்து ஊருக்கு வந்தேன். வழி பூராவும் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மாமா, அந்த மூன்று குட்டி சந்தையில் வாங்கியது. ஒரு வரிதான். ஒரு வரி சொல்ல எவ்வளவு நேரமாகும்?

கீதாரி கண்மாய்க்கரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்தார்.

"என்ன மாப்ள, பிள்ளை பிறந்துருச்சா?"

"இன்னும் இல்ல மாமா."

"பயப்படாத. சத்தியவாக்கு சொன்ன பிள்ளை அவ. கருப்பரு கைவிட மாட்டாரு." பிறகு தன் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கும் பார்வை மங்கிருச்சு. நேத்து ஆண்டிச்சாமிகிட்டயும் சொல்லிட்டேன் மாப்ள. எனக்கப்புறம் கிடைக்கு நீதான் கீதாரி. நாலு தேசம் பாத்தவன், நாயம் தெரிஞ்சவன்."

அந்த ஒரு வரி என் வாய்க்குள்ளேயே இருந்தது. என் ஆடுகள் கரையில் மேய்ந்துகொண்டிருந்தன. மதினியின் ஆறும் அதற்குள் கலந்து, எது யாருடையது என்று எனக்கே சட்டென்று தெரியவில்லை.

"அப்ப எதுக்கு இந்நேரம் வந்த?" என்று கேட்டார்.

"சும்மா ஆட்டை ஒரு பார்வை பாத்துட்டுப் போகலாம்னு."

சிரித்தார். அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். நாளைக்குச் சொல்லலாம், சூளைக்கும் நாளைக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டேன். நான் வந்து சேரும் முன்பே பிள்ளை பிறந்திருந்தது. பெண் பிள்ளை. கை கால் சுகம், நல்ல நிறம், நல்ல எடை என்றார்கள். மீனாள் மயக்கத்தில் இருந்தாள்.

சொல்லாமலேயே நல்லபடியாகப் பிறந்துவிட்டது. அப்படியென்றால் கருப்பர் ஒன்றும் கணக்கில் வைக்கவில்லை என்றுதானே அர்த்தம். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ருசியாக இருந்தது.

ஜூலை 15

காலையில் மீனாள் கண்விழித்தாள் என்று உள்ளே விட்டார்கள். பிள்ளை அவள் பக்கத்தில் துணியில் சுற்றிக் கிடந்தது. மூக்கு அண்ணன் மூக்கு. நான் குனிந்து பார்த்தேன்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"கீதாரி என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வாரு. கோவப்பட்டாரு. பெறகு சரின்னாரு."

"அக்கா?"

"வந்து ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிருச்சு. பிள்ளை பிறந்தா சொல்லிவிடச் சொன்னுச்சு."

மீனாள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி, பிள்ளையின் தலையைச் சுற்றியிருந்த துணியை விலக்கினாள். உச்சந்தலை இன்னும் மூடவில்லை, மேலும் கீழும் துடித்துக்கொண்டிருந்தது.

"பிள்ளை தலையில கைய வச்சு அதைச் சொல்லுங்க" என்றாள்.

கையெல்லாம் ஆட்டு வாடை, கழுவிவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன். வராந்தாக் கடைசியில் குழாய் இருக்கிறது. சோப்பும் இருக்கிறது. முழங்கை வரை இரண்டு முறை கழுவியாகிவிட்டது. குழாயடிக் கட்டையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நர்ஸ் வாசலில் வந்து மீனாள் வீட்டுக்காரர் யார், உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்று இரண்டாவது தடவையாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். கை இன்னும் ஈரமாக இருக்கிறது, காயட்டும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.